லாரிக்குப் பாட்டு வந்த கதை

போன வாரம் மகன் தன்னோட பழைய காரில் கம்பெனி ஸ்பீக்கரை எடுத்துட்டு வேற மாட்டணும்னு நாமக்கல் கிளம்பினான். "ஸ்பீக்கர் எதுவா வேணா இருக்கட்டும், ஒயரைப் பாத்துப் போடச் சொல்லு சாமி"ன்னேன். சிரிச்சான். என் சித்தப்பா லாரி கதை அவனுக்குத் தெரியாது. உங்களுக்கும் சேத்தே சொல்றேங்க.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம்னு எங்க பக்கம் லாரி இல்லாத சொந்தபந்தமே கிடையாது. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும் வரைக்கும் இதெல்லாம் ஒரே சேலம் ஜில்லாதான், சங்ககிரி இப்பவும் சேலம்தான். மானாவாரிக் காட்டை நம்ப முடியாதவங்க ஸ்டியரிங் பிடிச்சாங்க. அப்போ லேலண்ட், டாடா லாரிகள் பெரும்பாலும் வெறும் சேசிஸாத்தான் வரும். இன்ஜின், சக்கரம், முன்முகம், அவ்வளவுதான். கேபின்லேர்ந்து பாடி வரைக்கும் கட்டுறது நாமக்கல் பட்டறைகள்தான். அதனால லாரிக்குக் 'கம்பெனி ஸ்பீக்கர்'னு ஒண்ணு இருந்ததே இல்லை. பாட்டு வெச்சதும் நம்மூர் எலக்ட்ரீஷியன்தான்.

அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காருக்கு மோட்டோரோலா ரேடியோ போட்டது 1930-ல். பிலிப்ஸ் கேசட் வந்தது 1963-ல். எங்க ஊர் லாரிகளில் டேப் பாடினது எண்பதுகளில்தான். ராத்திரி ஓட்டத்துக்குப் பாட்டுதான் தூக்கத்துக்கு மருந்து.

ஆனா அதுல ஒரு சிக்கல். லாரிக்கு 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி ரெண்டைத் தொடராக் கோத்திருப்பாங்க. டேப் செட்டோ காருக்குச் செஞ்சது, 12 வோல்ட். அதனால ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் எடுத்தாங்க. ஜோடி மாட்டுல ஒண்ணு மட்டும் இழுத்த கதைதான். பாட்டுப் பாடுற பேட்டரி தினமும் இறங்கும். சார்ஜ் ரெண்டுக்கும் சேந்தே ஏறுறதால மத்தது கொதிச்சுத் தண்ணி வத்தும். சீக்கிரமே ரெண்டும் போயிரும். 24-ஐ 12 ஆக்குற கன்வர்ட்டர் பிற்பாடுதான் எங்காளுங்க கைக்கு வந்தது.

சித்தப்பா லாரிக்கு ஒரு கடையில் மெல்லிசு ஒயரைப் போட்டு, ஃபியூஸ் இல்லாமயே விட்டுட்டாங்க. 1989-ல் முட்டை லோடோட போறப்ப, தகரத்து ஓரம் அறுத்து ஒயர் உரசிருச்சு. நடுராத்திரி, கேபின் பூரா புகை. பேட்டரி ஒயரை வெறுங்கையில் பிடுங்கினார். லோடு தப்பிச்சுது. உள்ளங்கையில் அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு.

அதனால சொல்றேன். பேட்டரியில் எடுக்கிற ஒயருக்கு, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும். தகரத்துல நுழையிற இடத்துல ரப்பர் வளையம் போடணும். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். ரெண்டை இணையாச் சேத்தா 2 ஓம் ஆகி, கரண்ட் ரெண்டு பங்கு இழுத்து செட் சூடாகும். பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மாறினா அடிநாதம் செத்துரும். ஆம்ப் வெச்சா அதுக்குத் தனியா தடிச்ச ஒயர் வேணும்.

2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆயிருக்கு. கம்பெனி கேபினோட வர்ற லாரியில் இனி ஸ்பீக்கரும் கூடவே வரலாம். நல்லதுதான்.

மகன் சாயந்திரம் வந்தான். பாட்டுப் போடறதுக்கு முன்னாடி பேனட்டைத் தூக்கி ஃபியூஸைக் காட்டினான். அதுக்கப்புறம்தான் உள்ள ஏறி உக்காந்தேன்.