கேளும் கீழ்ப்படிதலும்

தோல் வாங்க வந்தவர் பேரம் முறிந்து எழுந்தால், "விலை படியலை" என்பார். படிந்துவிட்டால் இரண்டு பேரும் ஒரு தொகையில் வந்து நின்றார்கள் என்று பொருள். அதில் யாரும் யாரையும் பணியவைக்கவில்லை. தூசு படிகிறது, ஏரியில் வண்டல் படிகிறது, எண்ணெய் வைத்துச் சீவிய முடி படிகிறது. அலைந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் அமர்வதைத்தான் 'படி' சொல்கிறது. அதன் முன்னால் 'கீழ்' வந்து ஒட்டியதும் கதை மாறுகிறது. அமர்வது மட்டும் போதாது, எங்கே அமர்வது என்பதும் முடிவாகிவிடுகிறது.

அந்தச் சொல்லை வேதத்தில் கேட்ட ஒரு வட்டாரத்திலிருந்து தொடங்குகிறேன்: ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது திமிரி. (ஊர்ப்பெயரையும் திமிரையும் முடிச்சுப்போட்டு வேடிக்கை பண்ணும் ஆசை எனக்கில்லை.) 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் தொடங்கிய ஆற்காடு மிஷன், சாலையின் இரண்டு முனைகளிலும் நிலையம் வைத்திருந்தது. ஆங்கிலப் பள்ளி நடத்துவதைவிட ஊர் ஊராகப் போய்த் தமிழில் பிரசங்கிப்பதே முதல் வேலை என்பது அவர்களுடைய ஆரம்பகாலக் கொள்கை. கேட்டவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. பத்துக் கட்டளைகள் அவர்களிடம் புத்தகமாக வரவில்லை, குரலாக வந்தன. காதில் வாங்கி, திருப்பிச் சொல்லி, மனப்பாடம் செய்ததுதான் அவர்களுடைய வேதபாடம்.

அப்படிக் கேட்டுக் கற்றவர்களிடம் வேதத்தின் மூல மொழி என்ன சொன்னதோ அதை அப்படியே சொல்லியிருக்கலாம். எபிரேயத்தில் 'ஷாமா' என்றால் கேட்பது. கீழ்ப்படிவதைச் சொல்லவும் பழைய ஏற்பாடு பெரும்பாலும் அதே வினையைத்தான் எடுக்கிறது. உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலை விளித்துச் சொல்லும் முதல் ஏவல் 'கேள்'. யூதர்கள் நாள்தோறும் காலையும் மாலையும் சொல்லும் ஜெபத்துக்கு அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. கிரேக்கத்தில் 'ஹுபகூஓ', 'ஹுப்போ' என்றால் கீழ், 'அகூஓ' என்றால் கேட்கிறேன். கீழே நின்று கேட்பது. லத்தீன் சொல்லுக்கும் அடி கேட்டல்தான், அதிலிருந்து கிளைத்ததே ஆங்கிலத்தின் 'ஒபே'. ஆக, எந்தப் பக்கம் போனாலும் காதில் வந்து முடிகிறது.

தமிழுக்கு இதில் பஞ்சமே இல்லை. "சொன்னா கேளு" என்று அதட்டாத அம்மா உண்டா? "பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான்" என்றால் பையனுக்குக் காது மந்தம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஷாமா செய்கிற வேலை முழுவதையும் நம் 'கேள்' தெருவில் நின்றபடியே செய்துவிடுகிறது. ஆனாலும் வேதத் தமிழ் அந்த ஒற்றை வினையைப் பல துண்டாக்கியது: சில இடங்களில் 'கேள்', சில இடங்களில் 'செவிகொடு', இன்னும் சில இடங்களில் 'கீழ்ப்படி'. சாமுவேல் சவுலைக் கண்டிக்கும் புகழ்பெற்ற வசனத்தில் (1 சாமுவேல் 15:22) பலியைவிடச் சிறந்ததாகச் சொல்லப்படுவது மூலத்தில் 'ஷாமா'. பழைய திருப்புதல் அங்கே 'கீழ்ப்படிதல்' என்கிறது.

இதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்வது சுலபம், நியாயமல்ல. 1714, 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து, பப்ரிசியுஸ் வழியாக, 1871இல் ஹென்றி பவர் முடித்த திருத்தம்வரை நூற்றைம்பது ஆண்டு உழைப்பு. பவர் தந்ததைத்தான் இன்று 'பழைய திருப்புதல்' என்கிறோம். 'கேள்' என்று மட்டும் எழுதினால், காதில் விழுந்தால் போதும் என்று சபையார் எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் எந்த மொழிபெயர்ப்பாளனுக்கும் வரக்கூடியதுதான்.

கட்டளைக்கு அவர்கள் எடுத்த சொல் இதைவிட விசித்திரம்: கற்பனை. இன்றைய பிள்ளைக்குக் கற்பனை என்றால் இல்லாததை நினைப்பது. ஞாயிறு பள்ளியில் தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்ளச் சொன்னால் அது விழிக்காமல் என்ன செய்யும்? ஆனால் 'கற்பித்தான்' என்றால் 'உத்தரவிட்டான்' என்ற பொருள் ஒருகாலத்தில் இருந்தது. 119ஆம் சங்கீதத்தில் நான்காம் வசனத்தின் 'கற்பித்தீர்' அதுதான். மலையாளத்தில் 'கல்பன' இன்றைக்கும் கட்டளைதான். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'கட்டளை' என்று மாற்றிவிட்டது. புரிதலுக்கு நல்லது. எனக்கென்னவோ கற்பிப்பவரும் ஆணையிடுபவரும் ஒருவரே என்று காட்டிய அந்தப் பழைய சொல் போனதில் கொஞ்சம் வருத்தமுண்டு. 'கீழ்ப்படிதல்' மட்டும் பொது மொழிபெயர்ப்பிலும் அசையாமல் நிற்கிறது.

அந்தக் 'கீழ்' இந்த வட்டாரத்தில் யார் காதில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சபைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களைப் போன்ற பண்ணையாட்களின் கதியைப் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கையாகவே எழுதினார். கீழே இருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் பிரசங்கித்துத் தெரிவிக்க வேண்டியதில்லை. எபேசியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் வேலைக்காரர்களை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும்போது, தெரிந்த உத்தரவு தெரிந்த சொல்லிலேயே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அதே சொல் எதிர்ப்பக்கமும் வெட்டும். அப்போஸ்தலர் 5:29இல் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனிதரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிறார். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் தம்மைத் தாழ்த்திக் கீழ்ப்படிகிறவர் அடிமையல்ல, ஆண்டவரே. அங்கே 'கீழ்' சரியாகப் பொருந்துகிறது. மேலே இருந்தவர் இறங்குகிறார்.

தோல் வேலை செய்கிற ஊர்க்காரர்கள் நிறுத்தி வாசிக்க வேண்டிய பகுதி அதே அப்போஸ்தலர் நடபடிகளில் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம். யோப்பாவில் பேதுரு பல நாள் தங்கியது தோல் பதனிடுகிற சீமோன் என்பவர் வீட்டில். யூத மிஷ்னா தோல் பதனிடும் இடத்தை ஊரைவிட்டு ஐம்பது முழம் தள்ளி, அதுவும் கிழக்கே வைக்கச் சொல்கிறது. ஏன் என்று தோல் பதனிடும் ஆலைகள் உள்ள ராணிப்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு விளக்க வேண்டாம். சீமோன் வீடு கடலோரத்தில் இருந்தது.

அந்த வீட்டு மாடியில் பேதுருவுக்குத் தரிசனம் வருகிறது. அசுத்தமென்று ஒதுக்கிய உயிர்களை அடித்துச் சாப்பிடச் சொல்கிறது குரல். பேதுரு மாட்டேன் என்கிறார். மூன்று தடவை நடக்கிறது. தோலும் பிணமும் தொட்டுப் பிழைக்கிறவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, தீட்டைப் பற்றி வானத்தோடு வாதாடுகிறார் மனிதர். குரல் அவருக்குக் கேட்காமலில்லை, கேட்டதால்தான் மறுக்கிறார். அப்போது ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். எழுந்து கீழே இறங்கி, சந்தேகப்படாமல் அவர்களோடு போகும்படி ஆவியானவர் சொல்கிறார். இறங்கி வந்த பேதுரு அந்தப் புறசாதிக்காரர்களைச் சீமோன் வீட்டுக்குள்ளேயே அழைத்துத் தங்கவைத்தார். மறுநாள் அவர்களோடு செசரியாவுக்குக் கிளம்பினார்.