250, 229: இலங்கை மருத்துவ பீட அனுமதியில் ஒரு மறுவாசிப்பு

இலங்கையில் 1970களில் மருத்துவ பீட அனுமதிமுறை கண்ட மாற்றங்களை ஒரே கொள்கையின் அடுத்தடுத்த படிகளாகக் காண்பது ஆய்வாளரிடையே ஊன்றிவிட்ட வழக்கம். மொழிமூலங்களுக்கிடையே விடைத்தாள் திருத்தத்தில் இருந்ததாகக் கருதப்பட்ட ஏற்றத்தாழ்வைக் களையத் தொடங்கிய முயற்சி மாவட்ட ஒதுக்கீடாக முதிர்ந்தது என்பது அதன் சாரம். முதற்படியைப் பொறுத்தவரை இவ்வாசிப்பு நிற்காது.

சான்று பலரும் அறிந்ததே. 1971 அனுமதியில், மொத்தம் 400 புள்ளிகளில் தமிழ் மாணவர் மருத்துவ பீடத்துக்குப் பெறவேண்டியிருந்த குறைந்தபட்சம் 250. சிங்கள மாணவருக்கு 229. தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியோர் தாராளமாகப் புள்ளியிட்டனர் என்ற அன்றைய ஐயத்தைக் கொண்டே இந்த 21 புள்ளி இடைவெளி பெரும்பாலும் விளக்கப்படுகிறது. ஆனால் இதே எண்களையொட்டி வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வா தரும் இன்னொரு செய்தியை அவ்விளக்கம் தொடுவதில்லை. ஆங்கிலமொழிமூலம் எழுதியோரிடையேயும் சிங்களவருக்குத் தாழ்ந்த எல்லையே வைக்கப்பட்டது என்கிறார் அவர். திருத்துவோரின் தாராளமே காரணமென்றால், இருவரும் ஒரே மொழியில் எழுதிய விடைத்தாள்களில் அந்த வேறுபாட்டுக்கு இடமேது?

1973இல் வந்த முறையோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அம்முறை, ஒவ்வொரு மொழிமூலத்திலும் பரீட்சைக்குத் தோற்றியோர் தொகைக்கு ஏற்பத் தேறியோர் தொகை அமையுமாறு புள்ளிகளைப் பொது அளவுக்குக் கொண்டுவந்தது. அதன் நியாயத்தை ஏற்கலாம், மறுக்கலாம். அதன் அலகு மொழிமூலம் என்பதில் ஐயமில்லை. 1971இன் அலகோ இனம். 1974இன் அலகு மாவட்டம். அலகு மாறும்போது கொள்கையும் மாறுகிறது.

டி சில்வாவின் கூற்று தனித்தனி விண்ணப்பதாரரின் பதிவேடு அன்று. விதியை வகுத்தோரின் உள்நோக்கத்தை அதிலிருந்து நேராக வடித்தெடுக்க இயலாது. அவ்வளவுக்கு நான் செல்லவுமில்லை. விதி யாரைப் பிரித்தது என்பதைக் காட்ட அது போதும். ஆங்கிலத்தில் எழுதியோர் சிலரே என்ற மறுப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. விதியின் தன்மையைத் தலைகளை எண்ணித் தீர்மானிப்பதில்லை. கிராமப்புறச் சிங்கள மாணவரின் பின்தங்கிய நிலை உண்மையானது. ஆயினும் 229 என்ற எல்லை கொழும்பின் வசதியான பள்ளியில் பயின்ற சிங்கள மாணவருக்கும் பொருந்தியது. மன்னாரின் தமிழ் மாணவரோ 250ஐ எட்டவேண்டியிருந்தது. கிராமத்தை அளக்க வந்த கோல் அதுவன்று.

இப்பிரிப்பு பழைய கணக்கைத் தீர்ப்பதற்காக மட்டுமன்று. இன்று 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமை, 55 விழுக்காடு மாவட்டம், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்கள் என நிற்கும் முறையை 1971இன் வாரிசாகக் கருதுவோர், அதை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், தவறான மூதாதையோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அம்முறையிடம் கேட்கவேண்டியது வேறு: ஒரு மாணவரின் வாய்ப்பின்மையை மாவட்ட எல்லை சரியாக அளக்கிறதா? 1971இன் விதியிடம் அந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது.