கொல்லிமலையின் 70 வளைவுகளும் இணைகோட்டின் வரலாறும்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலையாகும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு நோக்கி ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இப்படிப்பட்ட ஒரு சாலையைக் காகிதத்தில் வரைய வேண்டும் என்றால் முதலில் நடுக்கோட்டை வரைவார்கள். பிறகு அதற்கு இருபுறமும் ஒரே தூரத்தில் இரண்டு கோடுகள் வரைவார்கள். அவையே சாலையின் ஓரங்கள். இன்று ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் 'ஆஃப்செட்' என்ற ஒரே கட்டளையில் இந்த வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கட்டளைக்குப் பின்னால் சுமார் நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

சங்கிலி அளவையில் பிறந்த சொல்

ஆஃப்செட் என்பது கணினி கொண்டுவந்த சொல் அல்ல. நில அளவையாளர்கள் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் கன்டர் 1620-ல் 100 கண்ணிகள் கொண்ட 66 அடி நீள அளவைச் சங்கிலியை அறிமுகம் செய்தார். தரையில் சங்கிலியை நேராக நீட்டி, அதிலிருந்து வரப்பு, மரம், கிணறு ஆகியவை எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று செங்குத்தாக அளப்பார்கள். அந்தச் செங்குத்துத் தூரத்தின் பெயரே ஆஃப்செட். தமிழ்நாட்டில் பட்டா நிலங்களுக்கான புலப்படங்களும் இந்த முறையில் அளந்து வரையப்பட்டவைதான்.

கணித மேதைகளின் பங்கு

வளைகோட்டுக்கு இணைகோடு எப்படி இருக்கும்? டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1673-ல் ஊசல் கடிகாரம் பற்றி எழுதிய நூலில் இதற்கு அடிப்படை கிடைத்தது. ஒரு வளைவின் மேல் சுற்றிய நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே பிரித்தால், நூலின் மீதுள்ள இரண்டு புள்ளிகள் வரையும் கோடுகள் எப்போதும் ஒரே இடைவெளியில் இருக்கும். 1692-ல் லைப்னிட்ஸ் இணை வளைகோடுகளைப் பற்றி எழுதினார்.

வட்டத்தின் இணைகோடு இன்னொரு வட்டமே. ஆனால் நீள்வட்டத்தின் இணைகோடு நீள்வட்டம் ஆகாது. அது எட்டாம் படியில் அமைந்த சிக்கலான ஒரு கோடு. இந்த வேறுபாடுதான் பிற்காலத்தில் மென்பொருள் எழுதியவர்களுக்குப் பெரிய தலைவலியாக வந்தது.

மைப்பேனாவிலிருந்து கணினிக்கு

கணினிக்கு முந்தைய வரைகலைஞர்கள் சாலைகளையும் தண்டவாளங்களையும் வரைய இரட்டை முனை மைப்பேனாவை வைத்திருந்தார்கள். இடைவெளியைத் திருகி அமைத்துவிட்டு ஒரே இழுப்பில் இரண்டு கோடுகளையும் போடுவார்கள். கை சற்றே நடுங்கினாலும் பிளேடால் சுரண்டித்தான் திருத்த வேண்டும்.

1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் எண்களால் இயங்கும் உலோகம் வெட்டும் எந்திரத்தைச் செய்து காட்டியது. வெட்டும் கருவிக்குத் தடிமன் உண்டு. ஆகவே கருவியின் மையம், பொருளின் விளிம்பிலிருந்து கருவியின் ஆரம் அளவுக்குத் தள்ளி நகர வேண்டும். அதாவது அது இணைகோட்டில் நகர வேண்டும். தொழிற்சாலைகளில் இணைகோட்டுக் கணக்கு அவசரத் தேவையாக மாற இது ஒரு முக்கியக் காரணம். 1963-ல் ஐவன் சதர்லேண்ட் அதே எம்.ஐ.டி.யில் ஸ்கெட்ச்பேட் என்ற வரையும் நிரலை உருவாக்கினார். 1982-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேடை வெளியிட்டது. 1984-ல் டில்லர், ஹான்சன் இருவரும் கணினியில் இணைகோடுகளைத் தோராயமாகக் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். இன்றும் ஆட்டோகேடில் நீள்வட்டத்தை ஆஃப்செட் செய்தால் கிடைப்பது நீள்வட்டமல்ல, ஸ்பிளைன் எனப்படும் வளைகோடுதான்.

கொண்டை ஊசியில் ஒரு கணக்கு

சாலையின் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதை முழுதாக 180 பாகை திரும்பினால் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 7 பெருக்கல் 'பை', அதாவது சுமார் 22 மீட்டர் நீளமாக இருக்கும். வளைவு பெரிதா சிறிதா என்பது இதில் பொருட்டே அல்ல. திரும்பிய கோணமும் அகலமும் மட்டுமே கணக்கு.

அப்படியானால் 70 வளைவுக்கும் சேர்த்து ஒரு பக்கத் தடுப்புச் சுவர் 1,540 மீட்டர் அதிகம் தேவைப்படுமா? தேவைப்படாது. மலையில் ஒரு வளைவு இடப்பக்கம் திரும்பினால் அடுத்தது பெரும்பாலும் வலப்பக்கம் திரும்பும். இங்கே வெளி ஓரமாக இருந்தது அங்கே உள் ஓரமாகிவிடும். கூடுதலும் குறைவும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

கட்டளை செய்யாத வேலை

இணைகோட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். 14 மீட்டர் ஆரமுள்ள வில்லை உட்புறமாக 15 மீட்டர் ஆஃப்செட் செய்யச் சொன்னால் மென்பொருள் மறுத்துவிடும், ஏனென்றால் வில்லே மறைந்துபோகிறது.

இதைவிட முக்கியமானது பேருந்தின் பின்சக்கரம். வளைவில் அது முன்சக்கரம் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிப் போகும். முன், பின் அச்சுகளுக்கு நடுவே 6 மீட்டர் தூரமுள்ள ஒரு பேருந்து 20 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால் ஒரு தடத்துக்குச் சுமார் 0.9 மீட்டர் கூடுதல் அகலம் வேண்டும். எனவே வளைவுகளில் சாலையின் இரு ஓரங்களும் நடுக்கோட்டுக்குச் சரியான இணைகோடுகளாக இருக்கக் கூடாது. அங்கே சாலை அகன்றிருக்க வேண்டும். ஆஃப்செட் கட்டளையை மட்டும் நம்பி வரைந்தால் படம் அழகாகவே இருக்கும். ஆனால் உட்பக்கம் சக்கரம் சாலையை விட்டு இறங்கிவிடும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கவும் இடம் இருக்காது.

முடிவுரை

கன்டரின் சங்கிலி முதல் ஆட்டோகேட் வரை கருவிகள் மாறினாலும், 'ஒரு கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி?' என்ற கேள்வி மாறவே இல்லை. அந்தத் தூரத்தை நொடியில் வரைந்து தர மென்பொருளால் முடியும். எந்த இடத்தில் எவ்வளவு தூரம் கொடுக்க வேண்டும் என்பதை வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும். கொல்லிமலை போன்ற மலைகளில் தினமும் பேருந்தில் ஏறி இறங்கும் மக்களின் உயிர் அந்த முடிவை நம்பியிருக்கிறது.