35 மைல் தொலைவில் ஒரு சொந்த மைதானம்



2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. இஷா தொழுதுவிட்டு வந்து எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி பார்க்க உட்கார்ந்தவர்கள் எமதூரில் நிறையப் பேர். மன்செஸ்டர் யுனைடட் 3-0 என்று முன்னிலையில் இருந்தபோது பாதிப் பேர் படுக்கப் போய்விட்டார்கள். மீதிப் பேர்தான் பார்த்தார்கள், எதிரணி மூன்று கோல்களையும் திருப்பி அடித்ததை. மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் நான்காவதையும் அடித்து, அது ஓஃப்சைட் என்று மயிரிழையில் பறிபோனதையும் பார்த்தார்கள். கடைசியில் பெனால்டியில் யுனைடட் வென்றது. ஆனால் அதற்குப் பிறகு எமது பையன்கள் கேட்டுத் திரிந்தது யுனைடட்டைப் பற்றி அல்ல. "யார் இந்த கொவென்ட்ரி? இவ்வளவு நாளும் எங்கே இருந்தார்கள்?"

எங்கே இருந்தார்கள் என்பதுதான் கதை. சில வருடங்கள் அவர்கள் தங்கள் ஊரிலேயே இருக்கவில்லை.

கொவென்ட்ரி சிட்டி 1883இல் ஒரு சைக்கிள் தொழிற்சாலையின் ஊழியர்கள் தொடங்கிய கழகம். தொழிற்சாலையின் பெயர் சிங்கர். எமது உம்மாமாரின் தையல் மெஷினில் எழுதியிருந்த சிங்கர் அல்ல, இது வேறு. 1899இலிருந்து ஹைஃபீல்ட் ரோட் என்ற மைதானத்தில் விளையாடினார்கள். ஒரு நூறு வருடத்துக்கு மேல் ஒரே இடம். 1940 நவம்பரில் ஜெர்மனியின் குண்டுகள் நகரத்தையும் அதன் பழைய பேராலயத்தையும் சிதைத்த பிறகும் அதே இடம்தான். 1987இல் டொட்டன்ஹாமை 3-2 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தார்கள். 1967 முதல் 2001 வரை முதற்பிரிவை விட்டு இறங்கவேயில்லை. பெரிய பணக்காரக் கழகம் இல்லை. ஆனால் சொந்தக் காணியில் நின்ற கழகம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நிர்வாகத்துக்கு ஒரு பெரிய கனவு வந்தது. நகரின் வடக்கே பழைய எரிவாயுத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் நவீன அரங்கு ஒன்று. அதற்காக ஹைஃபீல்ட் ரோட்டை வீடு கட்டும் கம்பனிக்கு முன்கூட்டியே விற்றார்கள். விற்ற மைதானத்திலேயே வாடகைக்கு இருந்து விளையாடினார்கள். புது வீட்டுக்கு அத்திவாரம் போட முன்னமே குடியிருக்கும் வீட்டின் உறுதியை எழுதிக் கொடுப்பது மாதிரி. 2001இல் அணி முதற்பிரிவிலிருந்து கீழே இறங்கியது. தொலைக்காட்சிப் பணம் நின்றது, கடன் கழுத்தை நெரித்தது, அரங்கைக் கட்டக் கழகத்திடம் காசு இல்லை. மாநகர சபையும் உள்ளூர்த் தர்ம நிதியம் ஒன்றும் முன்வந்து கட்டி முடித்தன. புதிய அரங்கை நடத்தும் கம்பனியில் கழகத்துக்கு இருந்த பாதிப் பங்கையும் அந்த நிதியத்துக்கே விற்க வேண்டி வந்தது.

2005இல் திறக்கப்பட்டது. 32,000 பேர் இருக்கக்கூடிய அழகான அரங்கு. ஆனால் கொவென்ட்ரி சிட்டி அங்கே குடிக்கூலிக்காரன். வருட வாடகை 1.2 மில்லியன் பவுணுக்கும் மேல். சாப்பாட்டுக் கடை, வாகனத் தரிப்பிடம் என்று போட்டி நாளில் வரும் மற்ற வருமானத்தில் பெரும்பகுதியும் கழகத்துக்கு இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிறகு பத்து வருடம் ரசிகர்கள் வீதியில் நின்றதெல்லாம் 2013இல் நடந்த ஒன்றுக்காக. ஆனால் மைதானம் கைவிட்டுப் போனது அதற்கு மிக முன்னால், கடதாசியில். அப்போது அணி முதற்பிரிவில் இருந்தது, புது அரங்கின் வரைபடம் பத்திரிகையில் அழகாக வந்தது. வக்பு என்றால் விற்கவும் முடியாது, அன்பளிப்புச் செய்யவும் முடியாது, வாரிசுக்குப் போகவும் முடியாது என்று மத்ரஸாவில் மனனமிட்டோமே, அந்தச் சட்டத்தின் அருமை ஹைஃபீல்ட் ரோட்டின் கதையைப் படிக்கும்போதுதான் எமக்கு உறைக்கிறது. எமதூர்ப் பொது விளையாட்டு மைதானத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கதைக்கு வருவோம். 2007 டிசம்பரில் கழகம் மூடப்படும் நிலைக்கு வந்தபோது லண்டனைச் சேர்ந்த சிசு என்ற முதலீட்டு நிதியம் அதை வாங்கியது. ஆரம்பத்தில் காப்பாற்ற வந்தவர்கள் என்றுதான் ஊரே வரவேற்றது. ஆனால் 2012இல் அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அதே வருடம் சிசு அரங்கு வாடகையைக் கட்டாமல் நிறுத்தியது.

அந்த வாடகை நியாயமானதல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். மூன்றாம் பிரிவுக் கழகம் தாங்கக்கூடிய தொகை அல்ல அது. ஆனால் வாடகை நிறுத்தத்தின் நோக்கம் வேறு. 2014 ஜூனில் மேல் நீதிமன்றம் சொன்னது இதுதான்: அரங்குக் கம்பனியை நிதி நெருக்கடிக்குள் தள்ளி, அதன் பங்கைக் குறைந்த விலைக்கு வாங்குவதே சிசுவின் உத்தி. அரங்குக் கம்பனி விழாமல் இருக்க மாநகர சபை 14.4 மில்லியன் பவுண் கடன் கொடுத்தது. அது சட்டவிரோதம் என்று சிசு வழக்குப் போட்டுத் தோற்றது. மேன்முறையீட்டிலும் தோற்றது.

இதற்கிடையில் பேச்சுவார்த்தை முற்றாக முறிந்தது. கழகத்தின் ஒரு கம்பனி நிர்வாகத்தின் கீழ் வந்தது, அணிக்குப் புள்ளிகள் வெட்டப்பட்டன. 2013-14 பருவத்தில் கொவென்ட்ரி தன் "சொந்த மைதானப்" போட்டிகளை 35 மைல் தள்ளி நோர்தம்டன் நகரின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் என்ற சிறிய மைதானத்தில் ஆடும் என்று அறிவிக்கப்பட்டது. லீக் நிர்வாகமும் அனுமதித்தது. 32,000 ஆசன அரங்கு ஊரில் சும்மா கிடக்க, அணி ஏழாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் இரவல் மைதானத்தில்.

அங்கேதான் ரசிகர்களுக்குள் பெரிய விவாதம் தொடங்கியது: போவதா, விடுவதா?

ஒரு சாரார் சொன்னார்கள், ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. இது முதலீட்டு நிதியம், அதற்குக் கண்ணீர் விளங்காது, கணக்கு மட்டும்தான் விளங்கும். இரவல் மைதானத்துக்கு டிக்கட் வாங்கினால் "பாருங்கள், எங்கே கொண்டுபோனாலும் பின்னால் வருகிறார்கள்" என்று ஆகிவிடும்.

மறு சாராரின் பேச்சும் லேசானதல்ல. சட்டை போட்டு விளையாடும் இருபது வயதுப் பையன் என்ன பாவம் செய்தான்? அவன் தனியே விளையாடுவதா? எல்லோரும் விலகினால் கம்பனி கழகத்தையே இழுத்து மூடிவிட்டுப் போகும், பிறகு எதைத் திருப்பிக் கொண்டுவருவது? வாப்பாவின் தோளில் ஏறிப் பார்த்த அணியை அது கஷ்டத்தில் இருக்கும்போது விடுவது எந்த நியாயம்?

அத்தோடு விவாதம் நிற்கவில்லை. சபையும் குற்றவாளிதானே, ஏன் சிசுவை மட்டும் ஏசுகிறீர்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்கு மட்டும் போனவர்கள் இருந்தார்கள், அந்தக் காசு எதிரணிக் கழகத்துக்குப் போவதால். ஃபிக்ஹுப் பாடம் நடத்தும் எமக்கு இந்த நுணுக்கத்தைப் படிக்கச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. மனச்சாட்சியோடு மல்லுக்கட்டும் மனிதன் இப்படித்தான் வழி தேடுவான்.

இன்னொரு கூட்டம் கண்டுபிடித்த வழி மிக விசேஷமானது. சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறினால் மைதானத்தின் ஒரு பகுதி தெரியும். 35 மைல் பயணம் செய்து, டிக்கட் வாங்காமல், மழையிலும் குளிரிலும் அந்த மேட்டில் நின்று பார்த்தார்கள், கத்தினார்கள். கழகத்தின் பழைய பெருந்தலை ஜிம்மி ஹில் பெயரில் ஹில் என்றால் மேடுதானே. ஆகவே அதற்கு "ஜிம்மியின் ஹில்" என்று பெயரும் வைத்தார்கள்.

ஆங்கிலத்தில் ஒருவரைக் "கொவென்ட்ரிக்கு அனுப்புவது" என்றால் யாரும் அவரோடு பேசாமல் ஒதுக்கி வைப்பது. அந்தச் சொல் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். அந்த வருடம் மட்டும் கொவென்ட்ரியே ஊர்விலக்கம் செய்யப்பட்டது போல இருந்தது.

முந்திய பருவத்தில் சராசரியாகப் பத்தாயிரத்துக்கு மேல் வந்த கூட்டம் சிக்ஸ்ஃபீல்ட்ஸில் இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. 2014 ஜனவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் ஆர்சனலோடு போட்டி. தொலைக்காட்சி நாடு முழுக்க ஒளிபரப்பியது. அணி 4-0 என்று தோற்றது. ஆனால் 35ஆவது நிமிடத்தில், மைலுக்கு ஒரு நிமிடமாக, ஆயிரக்கணக்கான கொவென்ட்ரி ரசிகர்கள் "ஏன்?" என்ற அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆர்சனல் ரசிகர்களும் கைதட்டினார்கள். போனவர், போகாதவர், மேட்டில் நின்றவர் எல்லோரும் அன்று ஒரே பக்கத்தில் இருந்தார்கள்.

2014 செப்டம்பர் 5, அணி ஊர் திரும்பியது. ஜில்லிங்ஹாமோடு போட்டி. 27,306 பேர் வந்தார்கள். 1-0 என்று வெற்றி. பகிஷ்கரித்தவர்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்ததில் தவறில்லை. இரண்டாயிரம் பேருக்கு முன்னால் விளையாடி எந்தக் கழகமும் பிழைக்க முடியாது. அந்த வெற்றுக் கதிரைகள்தான் கம்பனியை மேசைக்குக் கொண்டுவந்தன என்றே நாமும் நம்புகிறோம்.

ஆனால் ஒரு மாதம்தான். ஒக்டோபரில் மாநகர சபை அரங்குக் கம்பனியில் தன் பங்கை வொஸ்ப்ஸ் என்ற றக்பி கழகத்துக்கு விற்றது. அடுத்த மாதம் தர்ம நிதியத்தின் பங்கும் அங்கே போனது. குத்தகை 250 வருடம். வொஸ்ப்ஸ் எங்கிருந்து வந்தது? எண்பது மைலுக்கு அப்பாலிருந்து, தன் ரசிகர்களை விட்டுவிட்டு! தங்கள் அணியைப் பெயர்த்தெடுத்ததற்காகக் கண்ணீர் விட்ட ஊர், இன்னொரு ஊரின் அணியைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது. ரசிகர்கள் எல்லோரும் சிசுவின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மைதானம் மற்றக் கதவால் போய்விட்டது.

அதன் பிறகு போராட்டம் கிளை பிரிந்தது. யாருக்கு எதிராக, சிசுவுக்கா, சபைக்கா, வொஸ்ப்ஸுக்கா? 2016 ஒக்டோபரில் சார்ல்டன் கழகத்தோடு நடந்த போட்டியில், தத்தம் முதலாளிகளில் வெறுத்துப்போயிருந்த இரு கழக ரசிகர்களும் சேர்ந்து பிளாஸ்டிக் பன்றிப் பொம்மைகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். (எமதூரில் இந்த முறைக்கு யாரும் தயவுசெய்து யோசனை சொல்ல வேண்டாம்.) அணி 2017இல் நான்காம் பிரிவுக்கே இறங்கியது.

2019இல் மீண்டும் ஊர் விட்டுப் போனார்கள். சிசுவின் வழக்குகள் நிற்காமல் உடன்பாடு இல்லை என்றது வொஸ்ப்ஸ். இம்முறை பர்மிங்ஹாம், இரண்டு பருவம். மறுபடி அதே விவாதம், ஆனால் பகிஷ்கரிப்பு அவ்வளவு இறுக்கமாக இருக்கவில்லை. சிக்ஸ்ஃபீல்ட்ஸுக்குப் போனதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோர் போனார்கள். தூரம் குறைவு, அணி வென்றுகொண்டிருந்தது, சனம் களைத்தும் இருந்தது. கோபத்தை ஆறு வருடம் ஒரே சூட்டில் வைத்திருக்க யாரால் முடியும்?

2021 ஓகஸ்டில் ஊர் திரும்பினார்கள். அடுத்த வருடம் ஒக்டோபரில் வொஸ்ப்ஸ் கடனில் மூழ்கி விழுந்தது. அரங்கை மைக் அஷ்லியின் கம்பனி வாங்கியது. 2023 ஜனவரியில் சிசுவும் கழகத்தை டக் கிங் என்ற உள்ளூர்த் தொழிலதிபரிடம் கொடுத்துவிட்டு விலகியது. அந்த ஏப்ரல் இரவில் எமது பையன்கள் பார்த்தது இத்தனையையும் தாண்டி வந்த ஓர் அணியை.

2025 ஓகஸ்டில் டக் கிங் அரங்கையும் வாங்கினார். 2005இலிருந்து 2025 வரை சரியாக இருபது வருடம். சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மேட்டில் வாப்பாவோடு நின்ற பத்து வயதுப் பையனுக்கு அப்போது இருபத்திரண்டு.

ஹைஃபீல்ட் ரோட் இருந்த இடத்தில் இன்று வீடுகள். நடுவில் ஒரு புற்தரையை மட்டும் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது ஆடுகளம்.