கடன் மறுக்கப்பட்ட தெருக்கள்

வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து வாடகைக்கு விடுவதற்குக் கடன் வேண்டும். அமெரிக்காவில் 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தர மறுத்தது. வங்கிகளும் கைவிரித்தன. சிகாகோவில் அந்த இடைவெளியில் வீட்டு வியாபாரிகள் புகுந்தார்கள். வெள்ளையரைப் பயமுறுத்தி மலிவாக வாங்கிய வீட்டைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு மிகக் கூடுதலான விலையில் தவணைக்கு விற்றார்கள். கடைசித் தவணைவரை பத்திரம் வியாபாரியிடமே இருக்கும். தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். தவணைக்காகக் குடும்பங்கள் அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டன. பழுதுபார்க்கப் பணம் மிஞ்சவில்லை. சிதைந்த வீடுகளுக்கான பழியும் அவர்கள்மீதே விழுந்தது. 1968இல் லான்டேல் பகுதி மக்கள் சங்கமாகத் திரண்டு, தவணையை நிறுத்திப் போராடினார்கள். பலர் ஒப்பந்தங்களைத் திருத்த வைத்தார்கள். நம் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் “நீங்க என்ன ஆளுங்க?” என்கிறார்கள். அதை எதிர்க்கும் நாம், வங்கிக் கடன் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்றும் கேட்டாக வேண்டும்.