மினி காரின் அடியில் கிடக்கும் எங்க வரலாறு

பதுளைப் பக்கம் பழைய மினி கார் வைத்திருக்கிறவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். முதல் முறைப்பாடு நடுக்கம்தான். பண்டாரவளையிலிருந்து ஹாலி எல வழியாக இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடும். டயர் மாத்தியாச்சு, வீல் பெலன்ஸ் பண்ணியாச்சு, ஆட்டம் மட்டும் போகாது. கடைசியில் கராஜ் பாஸ் காருக்கு அடியில் படுத்து, ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டுவார். லோயர் ஆம் புஷ் தேய்ந்து போயிருக்கும். இறுக்கமாக இருக்க வேண்டிய ஆம் முன்னும் பின்னும் அசையும். சில்லு நேராக நிற்காது.

புஷ் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு இறப்பர் துண்டு. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் உட்கார்ந்து அதிர்வை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. இந்தத் துண்டுக்குப் பின்னால் எங்க ஆட்களின் கதையும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

1956இல் சூயஸ் நெருக்கடி வந்து இங்கிலாந்தில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. குறைந்த எண்ணெயில் ஓடும் சின்னக் கார் தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959இல் வெளிவந்தது. அதற்கு சஸ்பென்ஷன் செய்து கொடுத்தவர் அலெக்ஸ் மோல்டன். இடத்தை மிச்சப்படுத்த, உருக்குச் சுருளுக்குப் பதிலாக இறப்பர் கூம்பை வைத்தார். அதாவது மினியில் புஷ் மட்டுமல்ல, ஸ்பிரிங்கே இறப்பர்தான். 1961இல் மினி கூப்பர் வந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோ ரேலியை மினிதான் வென்றது.

இறப்பரின் கதை அதற்கும் முந்தியது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள், அதே ஆண்டு கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று தோட்டங்கள் பரவின. ஊவாவில் மொனராகலைப் பக்கம் இன்றும் இறப்பர் மரங்கள் நிற்கின்றன. பல தோட்டங்களில் விடியமுன் எழும்பிப் பால் வெட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். இங்கே இருந்து ஷீட்டாகக் கப்பலேறிய இறப்பர், பார்ட்ஸ் ஆகித் திரும்பி வந்தது. விலையும் ஏறியே வந்தது.

1964ஐ இன்னொரு தடவை பார்ப்போம். ஜனவரியில் மினி மொன்டி கார்லோவில் வென்றது. ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக இருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். கொழுந்து பறித்தவர்களும் போனார்கள், லொறி ஓட்டினவர்களும் ஸ்பேனர் பிடித்தவர்களும் போனார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் கிடைக்காத கைத்தொழில் எவ்வளவோ அந்தக் கப்பலில் போயிருச்சு.

இங்கே நின்றவர்களுக்கு வேறு சோதனை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலிருந்தே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. 1977 வரை அது முழுசாகத் தளரவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரைமார் போனாலும் பழைய கார்களை ஓட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. பார்ட்ஸ் இல்லாத காலத்தில் பழைய டயரை வெட்டிப் புஷ் செய்த கதையை வயசான பாஸ்மார் இன்றும் சொல்லுவாங்க. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி வரை காத்திருந்தோம். பழைய வித்தைக்குத் திரும்பவும் மதிப்பு வந்தது.

அந்த வித்தை லேசானதில்லை. ஒரு பக்கம் தேய்ந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாத்தணும், இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். புஷ் உள்ளே போக சவர்க்காரத் தண்ணி போதும், கிறீஸ் பூசினால் இறப்பர் ஊதிக் கெட்டுப்போகும். ஜாக்கில் தூக்கி வைத்திருக்கும்போதே நட்டைக் கடைசி வரை முறுக்கக் கூடாது. காரை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் ஏறின பிறகுதான் முறுக்கணும். முன்னாலேயே முறுக்கினால் இறப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும்.

நுவரெலியாவில் தேயிலைக்கு நடுவே 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்துக்கு வரலாறு இருக்கிறது. ஓட்டினவர்களின் பெயர் இருக்கிறது, காரின் பெயர் இருக்கிறது. காருக்கு அடியில் படுத்தவர்களின் பெயரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். மலையகத்து வரலாறு என்றால் கொழுந்துக் கூடையும் லயமும் மட்டுமே என்று நாங்களும் பழகிவிட்டோம். கராஜும் அந்த வரலாற்றில் சேரும்.

உங்க தாத்தாவோ மாமாவோ தோட்டத்து லொறி ஓட்டினவரா? ஸ்டோரில் மெஷின் பார்த்தவரா? இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. எந்தக் கார், எந்தப் பார்ட், எப்படிச் செய்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைங்க. அவங்க இருக்கும்போதே எழுதணும்.