செவிலியர் பணியில் மாற்றுத்திறனாளிகள்

உடற்குறையோ புலன்குறையோ உள்ளவர்கள் செவிலியர் படிப்பில் சேரலாமா, வார்டில் நின்று நோயாளியைக் கவனிக்கலாமா என்ற கேள்வி 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

வழக்குத் தொடுத்தவர் பிரான்சஸ் டேவிஸ். வட கரோலினாவில் உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியரான அவருக்குக் காது சரியாகக் கேட்காது. பிறர் பேசுவதை உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார். பதிவுபெற்ற செவிலியராக உயர விரும்பி சவுத்ஈஸ்டர்ன் சமுதாயக் கல்லூரியில் விண்ணப்பித்தார். கல்லூரி இடம் தரவில்லை. அறுவை அரங்கில் எல்லாரும் முகக்கவசம் அணிந்திருக்கையில் அவர் எப்படி உதடுகளைப் படிப்பார் என்பது வழக்கில் பெரிதாக எழுந்த ஐயம். மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுக்கு ஆளாவதைத் தடுக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், நீதிபதிகள் ஒருமனதாகக் கல்லூரியின் பக்கமே நின்றனர். பாடத்திட்டத்தின் அடிப்படையையே மாற்றும்படி கல்லூரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றனர். தொழில்நுட்பம் வளர வளர வாய்ப்புகள் விரியும் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

அப்படியே நடந்தது. இதய ஒலியைப் பெருக்கித் தரும் மின்னணு ஸ்டெதாஸ்கோப்புகள் வந்தன. அவற்றுள் சில அந்த ஒலியைத் திரையில் அலைகளாகவும் காட்டுகின்றன. வாய்ப்பகுதி தெரியும் ஒளிபுகும் முகக்கவசங்களும் இன்று கிடைக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்குப் பணியிடத்தில் தகுந்த வசதி செய்துதருவதை அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகளின் கடமையாக்கியது.

சட்டம் வந்தாலும் மனத்தடை எளிதில் விலகுவதில்லை. ஐந்து வயதில் தண்டுவட அழற்சிக்கு ஆளாகி, பின்னர் நடக்கும் திறனை இழந்த ஆண்ட்ரியா டால்செல், நியூயார்க்கில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செவிலியர் படிப்பை முடித்து உரிமமும் பெற்றார். மருத்துவமனை வேலைக்குப் பல நேர்காணல்களுக்குப் போயும் கதவு திறக்கவில்லை. 2020இல் கொரோனா நோயாளிகள் குவிந்து செவிலியர் போதாமல் தவித்தபோதுதான் திறந்தது. தகுதி முன்பும் அதேதான். மாறியது மருத்துவமனைகளின் தேவை.

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆணையம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் தொழில்களுக்கு வைத்திருந்த உடல்நலத் தகுதி விதிகளே பாகுபாட்டுக்கு வழிவகுக்கின்றன என்று கண்டு, அவற்றை நீக்கச் சொன்னது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளோ, இடஒதுக்கீட்டைக் கால்களில் 40 முதல் 50 விழுக்காடு வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களோடு நிறுத்திவிட்டன. இது மிகக் குறுகிய வாசல். பேச்சுக் குறைபாடு கொண்ட மாணவர் ஒருவரின் எம்.பி.பி.எஸ். வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம், விழுக்காட்டை மட்டும் காட்டி இடம் மறுக்கக் கூடாது, அந்தக் குறைபாடு படிப்புக்கு உண்மையிலேயே தடையா என்று மருத்துவக் குழு ஆராய வேண்டும் என்றது. அந்த அளவுகோலை நர்சிங் கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிப்பதே நியாயம்.